இடப்பக்கம் இழுத்த வேன்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், ஒரு சமையல்கூடம், ஒரு பழைய வேன், அவ்வளவுதான். மடத்தின் குரு அரசியம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் சென்னியப்பனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள், இங்கே யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

சென்னியப்பன் ஓய்வு பெறும்வரை ஆயுள் காப்பீட்டு ஏஜென்டாக இருந்தவர். மடத்தில் தியானத்துக்கு உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொண்டது. பதிகம் பாடினால் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சமையல்கூடத்துப் பக்கம் அவரை யாரும் அண்டவே விடவில்லை. வண்டி ஓட்டத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் வேன் அவர் கைக்கு வந்தது. மலைக் கிராமத்து ஜனங்களை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான், தானும் மடத்தில் ஒரு ஆள் என்ற நினைப்பு அவருக்கு வந்தது.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. ஒருநாள் இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வேன் இடப்பக்கமாக ஒதுங்கிப் போய், பள்ளத்தாக்கு ஓரத்துக் கட்டைச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே இருந்த அத்தனை பேரும் இறங்கி, வந்த வழியே மலைக்குத் திரும்பி நடந்துவிட்டார்கள். முன்னால் நடந்தவள் வெள்ளச்சி. இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவள். ஆனாலும் கிராமத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"கண்ணு போனாப் போவட்டும். உசுரு இருந்தாப் போதும். அந்தாளு ஓட்டற வண்டியில நாங்க ஏற மாட்டோம்" என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம் டவுனில் கண் அறுவைசிகிச்சை முகாம். மலையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தாக வேண்டும். வேறு டிரைவரைப் போட்டுவிடலாம் என்று மடத்தில் பேச்சு கிளம்பியது.

சென்னியப்பன் அரசியம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னே தெரியலிங்கம்மா. கை நடுங்கல. கண்ணு நல்லாத் தெரியுது."

"வண்டிய எடுங்கண்ணா. போய்ட்டு வரலாம்."

சேந்தமங்கலம் போகிற நேர் சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. அரசியம்மா பக்கத்து சீட்டில் இருந்தார்.

"மெதுவாப் போங்க. இப்பக் கைய எடுங்க."

"எதுக்குங்கம்மா?"

"எடுங்க."

எடுத்தார். வேன் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல இடப்பக்கம் திரும்பி, சாலையை விட்டு இறங்கி, மரவள்ளிக் காட்டு வரப்பில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

"எத்தன நாளா இப்பிடி இழுக்குது?"

"தெரியலிங்களே."

"தைலம் தேச்சுக்கறீங்களே, அந்தத் தோள்வலி எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முந்தியிருந்துங்க."

"அப்ப அத்தன நாளா."

சென்னியப்பன் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வண்டியை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே வந்த வலியை, வயசாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தார்!

மறுநாள் டவுனுக்குப் போனார். ஊர் ஊருக்குக் கிளை போட்டிருக்கிற பெரிய டயர் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின் எல்லாம் உண்டு. வேனை மேடையில் ஏற்றி, சக்கரங்களுக்குக் கருவி மாட்டி, அவற்றின் கோணலை நேராக்குகிற வீல் அலைன்மென்ட் செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. திரும்பும்போது கவுன்டரில் இருந்த கீர்த்திகா என்ற பெண் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஒரு தடவைக்கு ஆகற காசப் போல மூணு மடங்கு கட்டிட்டீங்கன்னா லைஃப்டைம் பிளான். ஆயுசுக்கும் அலைன்மென்ட் ஃப்ரீ."

சென்னியப்பனுக்குத் தன் குரலையே வேறொருவர் வாயில் கேட்பது போலிருந்தது. அவரும் விட்டுவிடவில்லை.

"ஆயுசுன்னா யாரோட ஆயுசும்மா?"

"வண்டியோடது சார்."

"வண்டிய வித்துட்டா?"

"பிளான் முடிஞ்சிரும் சார்."

"பார்ட்ஸ் ஏதாவது தேஞ்சிருந்தா?"

"அது தனி. அத மாத்தினாத்தான் அலைன்மென்ட் பண்ணுவோம்."

"நீங்களே கடைய மூடிட்டுப் போய்ட்டா?"

கீர்த்திகா சிரித்துவிட்டாள். "இத யாரும் கேட்டதில்ல சார்."

யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டார். அரசியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்கலாமா, வேண்டாமாங்கம்மா? இந்த மாதிரி நானே வித்தவன். உள்ளுக்குள்ள அவங்களுக்குன்னு ஒரு கணக்கு இருக்கும்."

"நீங்க வித்தீங்களே, அதுல கம்பெனிக்கு எதுல லாபம்?"

"பாதியில விட்டவங்களாலதாங்க. ரெண்டு தவணை கட்டுவாங்க, அப்பறம் அலமாரியில வெச்சு மறந்துருவாங்க."

"இந்தக் கடைக்கு?"

"காசக் கட்டிப்போட்டு, திரும்ப அந்தப் பக்கமே வராதவங்களால."

அரசியம்மா ஒரு கொத்தை உருவி முடித்தார்.

"நீங்க எந்தப் பக்கமுங்கண்ணா?"

சென்னியப்பன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு நேராக டவுனுக்குப் போய்ப் பணத்தைக் கட்டினார்.

அதன் பிறகு ஆரம்பித்தது கூத்து. ஒத்திகைக்காக வெறும் வண்டியை மலைக்கு ஓட்டிப் போவார். இறங்கியதும் கடைக்குப் போய் நிற்பார். முதல் முறை காபி கொடுத்தார்கள். அடுத்த முறை சிரிப்பு மட்டும் கிடைத்தது. அதற்கடுத்த முறை அதுவும் இல்லை.

"மறுபடியுமா சார்?" என்றாள் கீர்த்திகா.

"ஆயுசு இன்னும் முடியலையேம்மா" என்று சொல்லிவிட்டு, ஏசிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். அவரா சளைக்கிறவர்! கமிஷனுக்காக ஊரார் வாசலில் காத்துக் கிடந்தே காலம் தள்ளியவர்.

ஒருநாள், "சக்கரத்தத் திருப்பற டை ராடு எண்டு தேஞ்சிருச்சு, மாத்தினாத்தான் பண்ண முடியும்" என்றார்கள். வந்ததடா வினை என்று நினைத்தார். ஆனால் வாய்க்கு வந்தபடி பேசவில்லை. ஆட்டிக் காட்டச் சொன்னார். சக்கரம் 'டொக் டொக்' என்றது. அப்போதும் நம்பாமல் லாரிப் பட்டறை ஜாபரிடம் காட்டினார். "அவங்க சொன்னது நெசந்தான் மாமு" என்று அவன் கையைத் துடைத்தான். அங்கேயே மாற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

கடைசியில் மேனேஜரே வெளியே வந்துவிட்டார்.

"ஐயா, இந்தப் பிளான்ல எங்க கைக்காசு போற ஒரே வண்டி உங்களதுதான்."

பதக்கம் குத்தியதுபோல நிமிர்ந்துகொண்டு மடத்துக்கு வந்தார் சென்னியப்பன். அரசியம்மாவிடம் அதை நடித்தே காட்டினார்.

"தோளு எப்பிடியிருக்கு?" என்றார் அரசியம்மா.

சென்னியப்பன் கையைச் சுழற்றிப் பார்த்தார். வலி எப்போது போனதென்றே தெரியவில்லை.

முகாம் நாள் விடிந்தது. அரசியம்மாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு வெறும் வேனை மலைமேல் ஏற்றினார். கிராமத்தில் ஜனங்கள் கூடித்தான் இருந்தார்கள். ஏறத்தான் யாரும் வரவில்லை. எல்லோரும் வெள்ளச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். வெள்ளச்சி எதையும் பார்க்கவில்லை.

"ஆத்தா, வண்டியச் சரி பண்ணிட்டேன். இப்ப இழுக்காது" என்றார் சென்னியப்பன்.

"அத நீ சொல்றே."

சென்னியப்பன் பேச்சை வளர்க்கவில்லை. எல்லோரையும் ஓரமாக நிற்கச் சொன்னார். அரசியம்மாவும் இறங்கிக்கொண்டார். கோவிலுக்கு முன்னால் கோடு போட்டதுபோல நேராகப் போகிற சாலை. வேனை மெதுவாக விட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். வேன் அப்படி இப்படி அசையவில்லை. கோவிலைத் தாண்டி, களத்தைத் தாண்டி, நேராகப் போய் நின்றது. சிறுசுகள் ஓவென்று கத்தின. பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்னடி சத்தம்?" என்றாள் வெள்ளச்சி.

"கையி ரெண்டையும் விட்டுட்டு ஓட்டறாரு ஆத்தா! வண்டி நேராப் போவுது!"

"அடப் பாவி! கைய விட்டுட்டு ஓட்டறவன நம்பியா நான் மலையெறங்கறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். இறங்கி ஓடிவந்து வெள்ளச்சியின் முன்னால் நின்றார்.

"புடிச்சே ஓட்டறேன் ஆத்தா. ரெண்டு கையாலயும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெள்ளச்சி கையை நீட்டினாள். அவர் பிடித்து ஏற்றினார். அவள் கால் உள்ளே போனதுதான் தாமதம், மொத்த ஊரும் திமுதிமுவென்று ஏறிக்கொண்டது.

அன்றைக்கு அந்த மலை இறங்கியதுபோல அவர் ஜன்மத்தில் வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேன் சொன்ன பேச்சைக் கேட்டது. உரசிய அந்தக் கட்டைச் சுவர் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதி வழியில் ஒருத்தி பாட்டெடுத்தாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். வெள்ளச்சி தூங்கியே போய்விட்டாள். சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது; துடைக்கக் கையை எடுக்கவில்லை, சத்தியம் செய்திருக்கிறாரே.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்து வாசலில், மழைத் தண்ணீருக்கு அடியில் ஒரு குழி ஒளிந்திருந்தது. முன்சக்கரம் தடாலென்று உள்ளே விழுந்து எழுந்தது. பாட்டும் கைதட்டலுமாக இருந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். வெள்ளச்சி மட்டும் படியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"திரும்பக் கொண்டுபோய் விடறதும் இந்தாளுதான். வேற எவனாச்சும் ஓட்டினா நான் நடந்தே போயிக்கறேன்."

இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சென்னியப்பன் வேனை நிழலுக்கு நகர்த்தியபோது ஸ்டியரிங் லேசாகக் கோணிக்கொண்டு நின்றது. வண்டி இடப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நேத்துத்தாங்கம்மா காட்டிட்டு வந்தேன். ஒரே ஒரு குழி. எல்லாம் போச்சுங்க."

அரசியம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினார்.

"போகவே போகாதுன்னா, ஆயுசுக்கும் எதுக்குங்கண்ணா வாங்கினீங்க?"