பேரரசன் கன்னத்தில் ஒரு வெட்டு

கொடுமணத்தில் வெள்ளி சோதிக்கும் கொற்றிக்கு முப்பது வயது. அவளிடம் தொழில் படிக்க வந்த அந்துவனுக்கோ தலையெல்லாம் நரை. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

யவன வெள்ளிக்காசு வந்தால், அதில் பொறித்திருக்கும் பேரரசன் கன்னத்தில் உளியால் ஒரு வெட்டு. உள்ளேயும் வெள்ளி என்றால் காசு உலைக்குப் போகும். செம்பு தெரிந்தால் வந்த வழியே திரும்பும். அந்தப் பட்டறையின் வழக்கம் அது.

இதைப் பார்த்த யவன வணிகன் ஒருவன் கொதித்துப்போனான். அந்த முகம் பொறித்த காசை மடியில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஒதுங்கினாலே எங்கள் ஊரில் தலை போகும் என்று ஊர்த்தலைவரான கிழாரிடம் போய் நின்றான். அவன் வாங்கும் பச்சைக் கற்களை நம்பித்தான் கிழாரின் வாழ்வு. இனி அந்த முகத்தில் உளி வைக்கிறவர் கையை வெட்டுவேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார் அவர்.

பின்பக்கம் வெட்டலாமே என்றான் அந்துவன். அங்கே அரசனைப் பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள் கொற்றி.

"அப்படியானால் ஓரத்தில் லேசாகக் கீறிப் பார்ப்போம் அம்மா. நமக்கு ஏன் இந்த வம்பு?"

கொற்றி உளியைத் தீட்டத் தொடங்கினாள்.

மறுநாள் வணிகன் புது மூட்டையோடு வந்தான். கூடவே கிழாரும் வந்து நின்றார். கொற்றி ஒரு காசை எடுத்து ஓரத்தில் கீறினாள். வெள்ளி. வணிகன் திருப்தியாகத் தலையாட்டினான்.

அதே காசைப் பட்டடைக் கல்லில் வைத்தாள். பேரரசன் மோவாயைத் தூக்கிக்கொண்டு மிடுக்காக இருந்தான். உளியை ஊன்றி ஓங்கி ஒரே அடி. கன்னம் பிளந்தது. உள்ளே செக்கச்செவேலென்று செம்பு.

"ஓரத்தைத்தான் எல்லோரும் கீறுவார்கள் அண்ணே," என்றாள் அந்துவனிடம். "போலிக்காரனுக்கும் அது தெரியும்."

வணிகன் முகம் வெளிறியது. கிழாருக்கோ அந்தச் செம்பைவிடத் தன் ஆணை காற்றில் போனதுதான் உறுத்தியது.

"நான் சொன்னது சொன்னதுதான். உன் கை போகும்."

கொற்றி காசைத் தள்ளிவிட்டு, அது கிடந்த இடத்தில் தன் வலக்கையை வைத்தாள்.

"வெட்டிப் பாருங்கள் கிழாரே. மேலே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கும்."

கிழார் உளியைப் பார்த்தார். அந்துவன் தன் கையையும் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.