கடுக்காய்ப்பூ

அந்தக் காலத்தில், மரமும் பூச்சியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், மலையடிவாரத்துப் புல்வெளியில் அக்காளும் தங்கையுமாக இரண்டு மரங்கள் நின்றன. மூத்தது கருமருது, இளையது கடுக்காய். புல்வெளி என்றதும் பசுமை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் பாதி நாள் அங்கே காய்ந்த புல்லும் புழுதியும்தான். மாசி பிறந்தால் காட்டுத்தீயும் வரும்.

தாய்மரம் இருவருக்கும் விட்டுப்போன சொத்து கொஞ்சம் துவர்ப்பு. கருமருது கெட்டிக்காரி. தன் பங்கைப் பட்டையில் ஏற்றிக்கொண்டது. அதன்பிறகு எந்த விலங்கும் அந்தப் பட்டையில் வாய் வைக்கவில்லை. கடுக்காயோ, காய்க்கும்போது காய்க்குள் வைக்கலாம் என்று தன் பங்கைத் தொடாமலே வைத்திருந்தது. சிக்கல் என்னவென்றால், அது பூக்கவே இல்லை.

அந்தப் பக்கத்து மனிதர்களிடம் ஒரு வழக்கம். பூக்காத மரத்தைக் கோடரியின் பின்புறத்தால் தட்டி மிரட்டுவார்கள். இரண்டு கோடை பொறுப்பார்கள். மூன்றாவது கோடையில் கோடரியைத் திருப்பிப் பிடிப்பார்கள். கடுக்காய் வெள்ளாயியின் பொறுப்பு. ஈறு வீங்கி எந்நேரமும் ரத்தம் கசிந்ததால் எரிச்சலிலேயே திரிந்த பெண் அவள்.

"ரெண்டு கோடை சொல்லியாச்சு. வர்ற கோடையிலயும் பூக்கலேன்னா நீ விறகுதான்" என்று தட்டிவிட்டுப் போனாள்.

பங்குனியில் கடுக்காய் தளிர்விட்டது. மொட்டு வைப்பதற்காகச் சாற்றையெல்லாம் கிளை நுனிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, எள்ளைவிடச் சிறிய பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் இறக்கை ஓரம் கருகியிருந்தது.

"புல்லுல முட்டை வச்சேன் தாயே, தீயில போச்சு. இன்னும் கொஞ்சம் வயித்துல இருக்கு. உங்க அக்காகிட்ட கேட்டேன். 'எனக்குத் தளிரே மழைக்குத்தான், அப்ப வா'ன்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் தாங்காது."

"இலைக்கு என்ன பஞ்சம்? வச்சுக்கோ" என்றது கடுக்காய்.

பூச்சி சொன்ன அந்தக் 'கொஞ்சம்' எல்லாக் கிளைக்கும் போதுமானதாக இருந்தது. முட்டை பொரித்துக் குஞ்சுகள் சாறு உறிஞ்சத் தொடங்கின. உறிஞ்சிய இடத்தில் இலை தடித்து, வீங்கி, குஞ்சுகளை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. இலைக்கு இலை சின்னச் சின்ன வீடுகள்.

கருமருதுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, மொட்டுக்கு வச்சிருந்த சாறுடி அது. கோடரி ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. குடிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைங்ககிட்ட எப்படிப் புடுங்குறது?"

அடுத்து மான் வந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் கொழுத்த இலைகள். மான் தாழ்ந்த கிளைக்குக் கழுத்தை நீட்டியது. கடுக்காய் யோசிக்கவில்லை. காய்க்கு என்று வைத்திருந்த துவர்ப்பு முழுவதையும் அந்த வீங்கிய சுவர்களுக்குள் இறக்கிவிட்டது. ஒரு கடி கடித்த மானுக்கு வாய் இழுத்துக்கொண்டது. துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. கொடுத்தது மறுபடியும் ஊறும் என்று கடுக்காய்க்கு அன்று தெரியாது. சொத்து போயிற்று என்றே நினைத்தது.

முதல் மழை பெய்ததும் பிள்ளைகள் சுவரைத் துளைத்து வெளியே பறந்தன. எதிரே அக்காள் அப்போதுதான் தளிர்விட்டிருந்தது. சொன்ன சொல்லை மீற முடியாமல், முணுமுணுத்துக்கொண்டே அதுவும் இடம் கொடுத்தது.

மறுநாள் வெள்ளாயி கோடரியோடு வந்தாள். மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"பூ எங்கே?"

கடுக்காய், "இதுதான் இருக்கு" என்று கிளையைத் தாழ்த்திக் காட்டியது.

அவள் வீங்கிய இலை ஒன்றைப் பறித்துப் பிளந்தாள். "இதைப் போய்ப் பூங்கிறியா? உள்ளே ஒண்ணுமில்ல. ஓட்டை வேற."

"பிள்ளைங்க வெளியே போன வழி அது."

"யார் பிள்ளைங்க?"

"ஒரு பூச்சியோடது. போக்கிடம் இல்லைன்னு வந்துச்சு."

வெள்ளாயி கையிலிருந்ததை வாயில் போட்டு மென்றாள். முகம் கோணியது. சிவப்பாகத் துப்பினாள். இன்னொன்றைப் பறித்து மென்று துப்பினாள். இந்தத் தடவை எச்சிலில் ரத்தம் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, விரலால் ஈறைத் தடவிப் பார்த்தாள்.

"பிள்ளை பொறந்த இடம்னா பூதான். அப்புறம் என்ன?" என்றாள். கோடரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மடி நிறையப் பறித்துக்கொண்டு போனாள். கடுக்காய் அழுதது. மழை பெய்துகொண்டிருந்ததால் அக்காளுக்குக்கூடத் தெரியவில்லை.

அன்று முதல்தான் அந்தப் பூச்சிகளுக்குக் கோடையில் தங்கை வீடு, மழைக்குப் பின் அக்காள் வீடு. கடுக்காய் அடுத்த வருடமே பூத்தது, காய்த்தது, காயிலும் துவர்ப்பு ஊறியது. ஆனால் அந்தப் பூவை யாரும் தேடுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் போய்க் கடுக்காய்ப்பூ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பறந்துபோன அந்த வெறும் வீட்டைத்தான் இன்றும் பொட்டலமாக மடித்துத் தருகிறார்கள்.