சொந்த வேலை

கருவாற்றுத் துறையில் ஓடம் தள்ளிப் பிழைத்தவள் செங்கமலம். நாலெழுத்து தெரிந்தவள். ஆற்றைக் கடக்கும் ஒவ்வொருவரும் எதற்காகப் போகிறார்கள் என்று ஓலையில் எழுதிவைக்கச் சொல்லித் திவான் அவளுக்கு உத்தரவு போட்டார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஓடத்தைப் பறித்துவிடுவார்களாம். அதன்பிறகு அக்கரை மருத்துவச்சியிடம் போகிற பெண்கள்கூடத் துறைக்கு வரக் கூசினார்கள்.

ஒருநாள் திவானே ஓடத்தில் வந்து ஏறினார். செங்கமலம் நடு ஆற்றில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓலையை எடுத்தாள்.

"எசமான் எதுக்காகப் போறீங்க?"

"அது உனக்கு எதுக்கு?"

"எனக்கு வேண்டாமுங்க. உங்க உத்தரவு கேக்குது."

ஓடத்தில் இருந்த பத்துப் பேரும் திவானின் வாயையே பார்த்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"சொந்த வேலைன்னு எழுது."

எழுதினாள். "மத்தவங்க சொன்னாலும் இதுவே போதுமுங்களா? போதாதுன்னா உங்ககிட்டயும் மிச்சத்தைக் கேட்டாகணும்."

திவான் அக்கரையைப் பார்த்துக்கொண்டே, "போதும்" என்றார்.

செங்கமலம் துடுப்பை எடுத்து மறுபடி வலித்தாள். அடுத்த மாதம் திவானின் கச்சேரி அலுவலகத்துக்குப் போன ஓலைக்கட்டில் முந்நூறு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சொந்த வேலை என்றுதான் எழுதியிருந்தது. அதில் பாதிக்குமேல் பெண்களின் பெயர்கள்.