நாற்பது விரல்களும் ஒரு சர்க்கரையும்

நெட்டையம்பட்டியில் மூளை இல்லாதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. இருக்கிற மூளையை எங்கே செலவழிப்பது என்பதில்தான் ஊருக்குள் கொஞ்சம் குழப்பம். அந்தக் குழப்பத்தை முறைப்படி பதிவுசெய்து நடத்திவரும் அமைப்புதான் அதிகாலை நடையாளர் நலச் சங்கம்.

சங்கத்தில் நான்கு பேர். நான்கு பேருமே பொறுப்பாளர்கள். தலைவர் பிச்சாண்டி, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். செயலாளர் சடகோபன், தீர்மானம் எழுதாமல் தும்மக்கூட மாட்டார். துணைத் தலைவர் மாசிலாமணி, பூங்காவை ஒரு சுற்று நடந்துவிட்டு எதிரே உள்ள மிட்டாய்க் கடையில் இரண்டு சுற்று உட்காருபவர். அமைப்பாளர் பக்கிரிசாமி, முப்பது வருஷம் மின்கம்பம் ஏறியவர். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அவருக்கு அது மின்னழுத்தம்தான்.

எனக்கும் சேர ஆசைதான், விண்ணப்பித்தேன். 'வெறும் உறுப்பினர் என்ற வழக்கம் எங்களிடம் இல்லை' என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தக் கோபம் இந்தக் கதையில் எங்காவது தெரிந்தால், தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிச்சாண்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பூங்கா விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொல்லி, பதில் வராததால் ஒரு வாரம் அதோடு பேசாமல் இருந்தார். அதையெல்லாம் அவரும் பொறுத்துக்கொண்டார், கம்பமும் பொறுத்துக்கொண்டது. ஆனால் அவர் மனைவி அலமேலு பல வருஷம் ஆசைப்பட்டு ஒரு வைர மூக்குத்தி வாங்கிப் போட்டுக்கொண்ட அன்று, "மூக்குத்தி உனக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்று மனிதர் உருகிச் சொன்னது வாசலில் நின்ற தயிர்க்காரம்மாவிடம். அன்று சாம்பாரில் உப்பு இல்லை. அலமேலு மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

அன்றிலிருந்து பிச்சாண்டிக்கு ஒரே ஒரு ஆசை. கண் திறக்க வேண்டும், அந்த மூக்குத்தியைப் பார்க்க வேண்டும், சரியான ஆளிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இருபதாம் தேதி ஆபரேஷன் என்று கண் டாக்டர் நாள் குறித்தார். கூடவே, சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொல்லி, சர்க்கரை டாக்டர் மெஹருன்னிசாவிடம் அனுப்பினார். சங்கமே கிளம்பிப் போனது.

டாக்டரம்மா நல்ல மனுஷி. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் தெளிவாகப் பேசிவிட்டார். "இந்தாங்க சின்ன மெஷின். பத்து நாளைக்கு தினமும் காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி விரல்ல குத்தி, வர்ற நம்பரை இந்த நோட்டுல எழுதுங்க. தினம் புது ஊசி போடுங்க. ஒரே விரல்ல குத்தாதீங்க, வலிக்கும். விரலை மாத்திக்கிட்டே இருங்க. அளவு ஏறினா இட்லியில ஒண்ணைக் குறைச்சுக்கோங்க." பிறகு மற்ற மூவரையும் பார்த்து, "நீங்கள்லாம் ஃப்ரெண்ட்ஸா? ரொம்ப நல்லது. அவர் ஒருத்தர் மட்டும் கஷ்டப்பட வேண்டாம், நீங்களும் இதுல பங்கெடுத்துக்கோங்க" என்றார்.

படித்தவர்கள் வார்த்தையை அளந்து பேச வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அன்று மாலையே பூங்கா சிமெண்ட் பெஞ்சில் அவசரக் கூட்டம்.

"டாக்டரம்மா ரெண்டு உத்தரவு போட்டிருக்காங்க" என்றார் சடகோபன். "ஒண்ணு, விரலை மாத்தணும். ரெண்டு, நாம பங்கெடுக்கணும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா என்ன தெரியுது?"

"மாத்துறதுக்கு நம்ம விரலைக் கொடுக்கணும்னு தெரியுது" என்றார் மாசிலாமணி.

"தலைவர்கிட்ட பத்து விரல்தான் இருக்கு" என்று பக்கிரிசாமி யோசித்தார். "சங்கத்துக்கு நாற்பது இருக்கு. நாற்பது இருக்கும்போது பத்தைப் போட்டு வதைக்கறது நியாயமா?"

பிச்சாண்டிக்குக் கண் கலங்கியது. "எனக்காக நீங்க குத்திக்கிறதா? வேண்டாம்யா" என்றார். அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்து முதல் தீர்மானமும், நாளுக்கு ஒருவர் முறைவைத்து விரல் தருவது என்று இரண்டாவது தீர்மானமும் நிறைவேறின. தலைவர் போடும் சர்க்கரை மாத்திரையையும் பங்கு போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கசக்கும் என்று தெரிந்ததும் பேச்சு போய்விட்டது.

புது ஊசியை மட்டும் தினமும் ஒழுங்காக மாற்றினார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஏன் சரியாக நடந்துகொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் நாள் தலைவர் விரல். 138. இரண்டாம் நாள் சடகோபன் விரல். 96. பெஞ்சில் கைதட்டல் எழுந்தது. "ஒரே நாள்ல எவ்வளவு இறங்கியிருக்கு பாருங்க" என்று சடகோபன் தலைவரைக் கட்டிப்பிடித்தார். நம்பர் கண்ணுக்குத் தெரியாத பிச்சாண்டி, உடம்பு லேசாக இருக்கிறது என்று தானும் சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் பக்கிரிசாமியின் முறை. அவர் வீட்டில் முந்தின நாள் பலாப்பழம் வெட்டியிருந்தார்கள். விடிந்ததும் மிச்சச் சுளையை உரித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக வந்து விரலை நீட்டினார். கை கழுவச் சொல்லி டாக்டரம்மா எழுதித் தரவில்லையே. மெஷின் 540 என்றது.

சடகோபன் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நேத்து 96. இன்னைக்கு 540. ராத்திரி என்ன தின்னீங்க தலைவரே?" என்று சடகோபன் விசாரணையை ஆரம்பித்தார்.

"ரெண்டு சப்பாத்திப்பா. அதுவும் எண்ணெய் இல்லாம."

"பொய் சொன்னா மெஷினுக்குத் தெரியும்."

"நான் ஏன்யா பொய் சொல்லப்போறேன்?"

பக்கிரிசாமி பலாப்பிசுக்குள்ள விரலால் மோவாயைத் தடவிக்கொண்டார். "ராத்திரி மூணு தடவை கரண்ட் போய் வந்தது. மின்னழுத்தம்தான் சார் எகிறியிருக்கு."

"மெஷின் பேட்டரியில ஓடுது" என்றார் மாசிலாமணி.

"பேட்டரியா இருந்தா என்ன? ஊர்ல கரண்ட் போனது அதுக்கும் தெரியும்ல?"

இந்த நியாயத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். கையைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். வெளியாட்கள் கருத்துச் சொல்ல விதியில் இடமில்லை என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

மெஷினைத் தலைவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் மேல் வைத்துப் பாதுகாப்பது என்று முடிவானது. தலைவருக்கு ஒரு இட்லி வெட்டு.

நாலாம் நாள் மாசிலாமணியின் விரல். அவர் அன்று கை கழுவியிருந்தார், தீபாவளிக்குக் கழுவுவதுபோல் சீயக்காய் போட்டே கழுவியிருந்தார். 318.

"540லேர்ந்து 318க்கு இறங்கியிருக்கு. ஸ்டெபிலைசர் வேலை செய்யுது" என்றார் பக்கிரிசாமி.

"இறங்கினாலும் அதிகம்தான்" என்றார் சடகோபன். "தலைவரே, இன்னொரு இட்லி போச்சு. பூங்காவை எட்டுச் சுத்து நடங்க."

இதை மாசிலாமணியும் வன்மையாக ஆதரித்தார். ஆதரித்த கையோடு மிட்டாய்க் கடைக்குப் போய்விட்டார்.

மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு இட்லியைத் தின்றுவிட்டு, கண் தெரியாத மனிதர் எட்டுச் சுற்று நடந்தார். ஆறாவது சுற்றில் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்த அலமேலு ஓடிவந்து தாங்கிப்பிடித்தார். கடையில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொல்லிக் குடிக்கவைத்தார். பத்து நிமிஷத்தில் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, சிரிப்பு வரவில்லை.

சங்கத்துக்கும் சிரிப்பு வரவில்லை. தலைவருக்குச் சர்க்கரை கொடுத்த குற்றத்துக்காக அலமேலுவைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். சடகோபன் அதை வீட்டுக்கே எடுத்துப்போய் வாசித்தார். அலமேலு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பத்தாம் நாள் டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் 134, ஆறாம் நாள் 98. பலாப்பழம் தீர்ந்துவிட்டதால் ஏழாம் நாள் 101. எட்டாம் நாள் மறுபடி 326. தலைவருக்குச் சர்க்கரை நாலு நாளைக்கு ஒருமுறை வரும் முறைக்காய்ச்சல் போன்றது என்று சடகோபன் கண்டுபிடித்தார். ஒன்பதாம் நாள் 131, பத்தாம் நாள் 95.

நோட்டைப் பார்த்த டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், மூணாம் நாள் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை டாக்டரம்மா."

"குத்தறதுக்கு முன்னாடி கையில ஏதாவது பட்டிருந்ததா?"

"என் கை சுத்தமாத்தான் இருந்தது" என்றார் பிச்சாண்டி. "பக்கிரிசாமி கையில பலாப்பழம் உரிச்ச பிசுக்கு இருந்தது."

"அவர் கையில இருந்தா நமக்கென்ன சார்?"

"அன்னைக்கு அவரோட முறையில்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அலமேலு மெல்லத் திரும்பி வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு பேரின் விரல்களையும் பார்த்தார். முறைவைத்த விவரத்தைச் சடகோபன் தேதிவாரியாக வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாவது தேதிக்கு மேல் வாசிக்க டாக்டர் விடவில்லை.

"அப்படின்னா 138, 134, 131. இது மூணுதான் சார் உங்க சர்க்கரை" என்றவர், பிச்சாண்டியை அங்கேயே கை கழுவச் சொல்லித் துடைத்துவிட்டுத் தானே குத்திப் பார்த்தார். 129. "நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷனுக்குப் போகலாம்."

அலமேலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து டாக்டர் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் சார் சர்க்கரை அதிகமா இருக்கு. 318, 326. ரெண்டும் உங்க ரத்தம்."

மாசிலாமணி பதறவில்லை. "அது தலைவரோட சர்க்கரைங்க. நான் அந்த ரெண்டு நாளும் விரல் மட்டும்தான் கொடுத்தேன்."

அவரையும் அங்கேயே குத்திப் பார்த்தார்கள். 309.

"பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"பார்த்தேங்க. தலைவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கார்ல" என்றார் மாசிலாமணி.

அது அவருடைய சர்க்கரைதான் என்று புரியவைக்க டாக்டரம்மாவுக்கு அரைமணி நேரம் ஆனது. கடைசியில் மாசிலாமணி வழிக்கு வந்ததுகூட டாக்டர் சொன்னதை நம்பி அல்ல. நட்புக்காகச் சுமந்தது உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பக்கிரிசாமி கொடுத்த விளக்கத்தால்தான். மாத்திரை எழுதிக் கொடுத்து, மிட்டாய்க் கடைக்குத் தடை போட்டு, பத்து நாளைக்கு அவரும் நோட்டு எழுத வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பிறகு நான்கு பேரையும் நிற்கவைத்து, மேஜையைத் தட்டித் தட்டி ஒரு உத்தரவு போட்டார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இனிமே இந்த மெஷின்ல பிச்சாண்டி சார் விரலைத் தவிர வேற யார் விரலும் படக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள் நால்வரும். சடகோபன் எழுதியே வைத்துக்கொண்டார்.

இருபதாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் பிச்சாண்டி முதலில் பார்த்தது அலமேலுவின் மூக்குத்தியை. ரொம்ப நேரம் பார்த்தார். "வைரம் சின்னதுதான். உன் மூக்குக்கு நல்லா இருக்கு" என்றார். அலமேலு அழுதுகொண்டே சிரித்தார். தயிர்க்காரம்மாவுக்கும் சொல்லியனுப்பினார்கள்.

மாசிலாமணி பத்து நாள் கழித்து நோட்டோடு வந்தார். கூடவே சங்கமும் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு நம்பராக விரலை வைத்துப் படித்தார். 130, 128, 133, 127, 131, பத்தும் அப்படியே.

"மாசிலாமணி சார், என்னால நம்பவே முடியலை" என்றார் உண்மையான சந்தோஷத்தோடு. "மிட்டாயை விட்டுட்டீங்களா?"

"விடலைங்க. ஆனா மெஷின் விஷயத்துல நீங்க சொன்னதை ஒரு நாள்கூட மீறலை."

டாக்டரம்மாவின் முகம் லேசாக மாறியது. தன் மெஷினை எடுத்து மேஜை மேல் வைத்தார். "எங்கே, விரலைக் கொடுங்க பார்ப்போம்."

மாசிலாமணி பின்னால் திரும்பினார். "தலைவரே, கூப்பிடறாங்க."

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிச்சாண்டி எழுந்து வந்தார். பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, குத்துப்படாத இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீட்டினார். இப்போதுதான் அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே.