லேப்டாப்பைக் கடித்த எலி

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிகிறதா, பாருங்கள்.

உள்ளே ஆயிரம் அறை. ஊரையே அடைத்து வைக்கலாம். வாசலோ இரண்டே இரண்டு. அது என்ன?

எறும்புப் புற்றா? இல்லை. மாதுளம்பழமா? அதற்கு வாசலே கிடையாது. தினையன் என்ற வயல் எலியைக் கேட்டிருந்தால் பெருமூச்சோடு சொல்லியிருக்கும்: "வேறென்ன? என் லேப்டாப்தான்!"

தினையன் நாணல் ஏரியின் கரைமேல், ஒரு பனைமரத்தடி வளையில் குடியிருந்தது. மழைக்காலத்தில் ஏரி பெருகினால், கரைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் தண்ணீர் பாயும். அங்கே முயல்களும் கௌதாரிகளும் குஞ்சு குட்டிகளோடு வாழ்ந்தன. அதனால் காட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு லேப்டாப் வாங்கி, தினையனைக் காவலுக்கு வைத்திருந்தார்கள்.

ஏரியில் ஒரு மிதவை கிடந்தது. அதன் கம்பியை லேப்டாப்பில் செருகினால், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் தெரியும். பனையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதன் கம்பியைச் செருகினால், தினையன் பேசுவது பள்ளம் முழுக்கக் கேட்கும். வெயிலில் மின்சாரம் தரும் தகட்டிலிருந்து சார்ஜர் கம்பி வந்தது. ஆகக் கம்பி மூன்று. அவற்றைச் செருகும் வாயான போர்ட் இரண்டே!

"வெற்றிலை மாதிரி மெல்லிசாக வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்றது, அதை வாங்கி வந்த காரி என்ற காகம். "மெல்லிசு என்றால் போர்ட் குறையத்தான் செய்யும். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது ஹப் வாங்கி வருகிறேன். அதை ஒரு போர்ட்டில் செருகினால் பல போர்ட் கிடைக்கும். அதுவரை மாற்றி மாற்றிச் செருகு!"

அப்படித்தான் தினையன் காலம் தள்ளியது. நடுநடுவே வரியாள் என்ற அணில் வந்து நிற்கும்.

"தினையண்ணே, இந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் செருகுங்களேன். என் பிள்ளை முதல் கொட்டை உடைத்த படம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்!"

"நேற்றும் ஒரே ஒரு தடவைதானே பார்த்தாய்? சரி, எதைப் பிடுங்கட்டும்? சார்ஜரையா, மிதவையையா?"

"எதையாவது பிடுங்குங்கள். எனக்கென்ன தெரியும்?"

தினையனுக்கு முடியாது என்று சொல்ல வராது. மிதவைக் கம்பியைப் பிடுங்கும். படத்தைக் காட்டும். படம் முடிகிற வரைக்கும் ஏரியை நினைத்து அதன் மீசை நடுங்கிக்கொண்டே இருக்கும். பாவம்!

எலிக் குலத்துக்கு வாசல்தான் உயிர். ஒரு வாசலில் பாம்பு வந்தால் மறு வாசல். அங்கே கீரி நின்றால் இன்னொன்று. வெளியே தெரியாதபடி மெல்லிய மண்ணால் மூடிவைத்த, தப்பி ஓடும் வாசல் வேறு. வாசல் குறைந்த வளைக்கு எந்த எலியும் பெண் கொடுக்காது! அப்படிப் பிறந்து வளர்ந்த தினையனுக்கு, அந்த இரண்டு போர்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு முட்டியது.

ஒருநாள் மேற்கே வானம் கறுத்தது. காரி இன்னும் டவுனுக்குக் கிளம்பவில்லை.

"இனிமேல் பொறுக்க முடியாது!" என்று எழுந்தது தினையன். "சாமை, தள்ளி நில்! நானே ஒரு வாசல் போடப் போகிறேன்."

சாமை தினையனின் மகள். ஒரு சுண்டைக்காயை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"எப்படியப்பா?"

"எப்படியா? இந்தப் பல் எதற்கு இருக்கிறது? கருங்காலி வேரையே கொறித்தவன் உன் அப்பன்!"

"நம் வளையில் ஓட்டை போட்டால் அந்தப் பக்கம் வெளியே போகலாம். இதில் போட்டால் அந்தப் பக்கம் என்னப்பா இருக்கும்?"

"வாசல் என்றால் வாசல்தான். தொணதொணக்காதே!"

நறநறவென்று தினையன் கடித்தது. லேப்டாப்பின் ஓரம் வழுக்கியது. பல் சறுக்கி, பக்கத்திலிருந்த போர்ட்டுக்குள் 'டக்'கென்று இறங்கியது. முன்பல்லின் நுனி உடைந்தது. போர்ட்டின் வாயோ சப்பையாகிவிட்டது. எந்தக் கம்பியும் அதில் நுழையவில்லை.

"ஐயோ! இரண்டு இருந்தது ஒன்றாகிவிட்டதே!"

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. தினையன் பதறிப்போய், மிச்சமிருந்த ஒரே போர்ட்டில் சார்ஜரைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"மிதவையைப் பார்க்க வேண்டாமா, அப்பா?"

"சார்ஜ் போனால் எல்லாமே போய்விடும், சாமை! இதை மட்டும் விடமாட்டேன்!"

சாமை வாசலுக்கு ஓடி மூக்கை நீட்டிப் பார்த்தது. நனைந்த மூக்கோடு திரும்பி வந்தது.

"அப்பா, வெளியே வெயிலே இல்லை. அந்தக் கம்பியில் என்ன வரும்?"

தினையன் திரையைப் பார்த்தது. சார்ஜ் ஏறவே இல்லை. வெறும் கம்பியைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது! வெட்கத்தோடு அதைப் பிடுங்கி, மிதவைக் கம்பியைச் செருகியது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

"ஸ்பீக்கர்! ஸ்பீக்கரைக் கொடு!" என்று கத்திய தினையன் சட்டென்று நின்றது. "மிதவையைப் பிடுங்கிவிட்டால், தண்ணீர் ஏறுவதை யார் சொல்வார்கள்?"

"நான் சொல்கிறேன், அண்ணே!" சொட்டச் சொட்ட நனைந்து வரியாள் வாசலில் நின்றது. "பனைமேல் ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடுமே! என் படத்துக்காக எத்தனை தடவை மிதவையைப் பிடுங்கினீர்கள்? இன்றைக்கு நானே மிதவை!"

அணில் மேலே ஏறியது. தினையன் ஸ்பீக்கர் கம்பியைச் செருகியது.

"முயலக்கா! கௌதாரித் தம்பி! குட்டிகளைத் தூக்குங்கள்! கல்மேட்டுக்கு ஏறுங்கள்!" உடைந்த பல் வழியாகக் காற்று விசிலடித்தது. ஆனாலும் பள்ளம் முழுக்கக் கேட்டது.

"நாணல் முழுகிவிட்டது, அண்ணே!" என்று மேலிருந்து வரியாள் கத்தியது.

"நாணல் முழுகிவிட்டது! மூட்டை கட்டாதீர்கள்! ஓடுங்கள்!" என்று தினையன் முழங்கியது.

சார்ஜ் தீர்ந்து ஸ்பீக்கர் அடங்கியபோது, பள்ளத்தில் தண்ணீர் நின்றது. ஆனால் அங்கே ஒரு குட்டிகூட இல்லை. எல்லாம் கல்மேட்டில் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நின்றன.

மழை விட்டதும் முயலக்கா வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தது.

"என்ன தம்பி, லேப்டாப் ருசியாக இருந்ததா?"

எல்லாம் சிரித்தன. தினையன் தலையைக் குனிந்துகொண்டது. முயலக்கா ஒரு இளங்கிழங்கை அதன் முன்னால் தள்ளியது. "இதைக் கடி. பல்லுக்கு இதமாக இருக்கும்."

காரி டவுனுக்குக் கிளம்பியது. "ஹப்பில் மூன்று போர்ட் உள்ளதும் இருக்கிறது. ஏழு உள்ளதும் இருக்கிறது. எது வேண்டும்?"

"ஏழு!" என்று குதித்தது வரியாள்.

அதற்கு மேல் கிடையாதா என்று கேட்க வாயெடுத்தது தினையன். பிறகு உடைந்த பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டது. "சாமை சொல்லட்டும்" என்றது.

இல்லாத வாசலுக்கு ஆசைப்பட்டு, இருக்கும் வாசலை இழக்கக் கூடாது.

கம்பி மூன்றுதானே என்று, சாமை மூன்று போர்ட் உள்ளதைக் கேட்டது.