மேலைக்குன்றத்து ராஜா வம்சம் தேடிய கதை

ராஜாக்களுக்கு வரும் வியாதிகளில் வைத்தியர்கள் கைவிட்டது வம்ச வியாதி. மேலைக்குன்றத்துச் சீமையை ஆண்ட விசயபூபதிக்கு அது பக்கத்துச் சீமைக் கல்யாணத்தில் தொற்றியது. அங்கே மாப்பிள்ளை வீட்டு வம்சத்தைச் சூரியனில் ஆரம்பித்துப் பாடினார்கள். பந்தியில் சோறு ஆறிப்போனது, பாட்டு முடியவில்லை. விசயபூபதியின் வம்சம் பாடப்பட்டபோதோ தாத்தா பேரோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

ஊர் திரும்பியதும் ஆஸ்தானப் புலவர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். புலவருக்கு வம்சம் தயாரிப்பது வடை சுடுவது மாதிரி. சூரியனைப் பக்கத்துச் சீமைக்காரன் எடுத்துக்கொண்டுவிட்டதால் மிச்சமிருந்த சந்திரனைப் பிடித்துக்கொண்டார். பாட்டுக்குப் பரிசாக மேற்கு மேட்டு மேய்ச்சல் நிலத்தைக் கேட்டார். அங்கே ஆடு மேய்க்கும் சனங்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவர்கள்தான் பாட்டில் வரவில்லையே!

"பாட்டு அமர்க்களம். சான்று வேண்டாமா?" என்றார் ராஜா. "மருதப்பரே, ஓலை அறையில் தேடிக் கொண்டுவாரும்."

மருதப்பர் அரண்மனை ஓலை அறைக்குப் பொறுப்பானவர். வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் அவரை எலிகளோடு வைத்திருந்தார்கள். அவர் புகழ்ப்பாட்டுச் சுவடிகளைத் தொடவே இல்லை. நேராக மரண சாசனக் கட்டுகளை அவிழ்த்தார். பாட்டில் வருகிற பாட்டன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், சாகப்போகிறவன் சொத்தைப் பிரிக்கும்போது மட்டும் பிள்ளை பேரை மாற்றிச் சொல்லமாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி பேர்கூட அதில்தான் அகப்படும். ராஜாவுடைய அப்பாவின் சாசனத்தில் 'இன்னார் மகன்' என்று தாத்தா பேர் இருந்தது. தாத்தாவின் சாசனத்தில் அவருடைய அப்பன் பேர். இப்படியே ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது கட்டின் அடியில் ஓர் ஓலை வந்தது. படித்ததும் மருதப்பர் தும்மினார். தூசியாலா, பயத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனாலும் சபையில் வாசித்தார்.

"மாயாண்டியாகிய நான் புத்தித் தெளிவோடு எழுதிவைத்தது. கோட்டை மேடும் அதிலுள்ள குடிசையும் மூத்தவனுக்கு. செம்மறிக் கிடை நடுவுலவனுக்கு. கறுப்பு நாய் சின்னவனுக்கு, அவன் ஒருத்தனைத்தான் அது கடிப்பதில்லை. மேற்கு மேட்டு மேய்ச்சல் என் தங்கை பேச்சிக்கும் அவள் வழி வந்தவர்களுக்கும்."

யாருக்கோ சிரிப்பு வந்து, அவசரமாக இருமலாக மாறியது.

"யார் இந்த மாயாண்டி?" என்றார் ராஜா.

"கிடை போட்டுப் பிழைத்த நல்ல மனிதர், மகாராஜா. அவருடைய மூத்தவன்தான் உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார். அந்தக் குடிசை வளர்ந்துதான் இந்த அரண்மனை."

"அபச்சாரம்!" என்று துள்ளினார் புலவர். "அமுதகிரணனாம் சந்திரன் குலத்தில் ஆட்டுப் புழுக்கையா? எரித்துவிடுங்கள் பிரபு!" ஓலை எரிந்தால் மேற்கு மேடும் சிந்தாமல் சிதறாமல் அவர் மடியில் விழும்.

சபையின் ஓரத்திலிருந்து, மேடு பறிபோகும் சேதி கேட்டு வந்திருந்த மேற்கு மேட்டு மந்தைக்காரி சடைச்சி முன்னால் வந்தாள். "சாமி, மேடு போச்சுன்னா ஆட்ட எங்க ஓட்டுவோம்? பேச்சி எங்க பாட்டனோட பாட்டியப் பெத்தவ. இப்ப நாங்க கும்புடுற சாமியே அவதான்."

"அப்படியானால் இந்தம்மா மகாராஜாவுக்கு அத்தை வழி" என்று விரல் விட்டு முறை பார்த்தார் மருதப்பர். "இவருக்கு மகாராஜா மச்சான் முறைதான் வருகிறது."

ராஜாவின் முகம் செம்பருத்தியானது. "போதும் ஓய்! நான் சந்திர வம்சம். அந்த ஓலையை நெருப்பில் போடும். இன்னொரு தரம் ஆட்டுப் பேச்சு எடுத்தால் பின்னாலேயே நீரும் போவீர்!"

சடைச்சி மருதப்பரைப் பார்த்தாள். மருதப்பர் பணிவாகக் குனிந்தார்.

"உத்தரவு, மகாராஜா. தீச்சட்டி வரட்டும். அதற்குள் நீங்கள் சிம்மாசனத்தைவிட்டுக் கொஞ்சம் இறங்கி நிற்கிறீர்களா?"

"என்னது?"

"கோட்டை மேடு உங்களுக்கு வந்தது இந்த ஓலையால். இது எரிந்துபோனால் சந்திரன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். புலவரே, நீர் படித்தவர். மூதாதை சொத்து வாரிசுக்கு எப்போது வரும்?"

"அவர் காலமான பிறகு. இதுகூடவா தெரியாது?"

"தெரியும் ஐயா. சந்திரன் எப்போது காலமானார்?"

புலவர் தம் பாட்டுச் சுவடியைப் புரட்டித் தேடினார்.

"நேற்றுக்கூடப் பார்த்தேன். சௌக்கியமாகத்தான் இருந்தார்" என்றார் மருதப்பர். "மாதாமாதம் மெலிந்து படுத்துவிடுகிறார், வாஸ்தவம். ஆனால் எப்படியோ தேறிவிடுகிறாரே! பெரியவர் உயிரோடிருக்க, அவர் சொத்தில் ஏறி உட்கார்ந்த மகனுக்கெல்லாம் நம் சீமையில் சவுக்கடி. சட்டம் தாங்கள் போட்டது."

ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். சாளரத்தைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். மீசை ஓரம் துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கொடும் ஓய் அதை! பத்திரம், ஓரம் ஒடியப்போகிறது!" ஓலையை வாங்கிப் பட்டில் சுற்றித் தானே வைத்துக்கொண்டார். "சடைச்சி, மேடு உங்களுடையது. போய் நிம்மதியாக ஆட்டை மேய்த்துக்கொள்."

"அப்ப வர்ற பங்குனில பேச்சி கோயில் கொடைக்குக் கட்டாயம் வந்துரணும், மச்சான்" என்றாள் சடைச்சி.

ராஜா வருவதாகத் தலையாட்டினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பருக்குப் போட்டார்.

புலவர் மெல்லக் கனைத்தார். "பிரபு, அடியேன் பரிசு?"

"உமக்கு இல்லாமலா? சந்திரனிலேயே நல்ல மேடாகப் பார்த்து எடுத்துக்கொள்ளும். எங்கள் குடும்பச் சொத்துதானே!"

மருதப்பர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவசரப்படாதீர்கள் மகாராஜா. அதுவும் பெரியவர் காலத்துக்குப் பிறகுதான்."