தாடி முளைக்காத புத்தகம்

மருதவாணன் சார் படித்தால் புத்தகத்துக்குத் தாடி முளைத்துவிடும் என்று பாளையங்கோட்டை வாசகர் வட்டத்தில் ஒரு கேலி உண்டு. பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாகக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பொருள் பிடிபடாமல் எந்த வரியில் நிற்கிறாரோ, அங்கே ஒரு துண்டைச் செருகுவார். படித்து முடிக்கும்போது புத்தகத்தின் ஓரமெல்லாம் தாள் தொங்கும். துண்டு கூடக் கூட அந்தப் புத்தகத்தின் மேல் அவருக்கு மரியாதையும் கூடும்.

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். அவருக்குக் குருவாக வாய்த்தவரோ பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் எஸ்தர் ராஜம் டீச்சர். வயதிலும் பத்து வருஷம் சின்னவர். ஒரு கூட்டத்தில் டீச்சர் ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்ததைக் கேட்டபோது, இத்தனை காலம் நாம் என்னத்தை நடத்தினோம் என்று மருதவாணனுக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், பேக்கரி மாடியில் இருக்கும் டீச்சர் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஞாயிறு அவர் கையில் இருந்தது சிவகாமியின் முதல் கவிதைத் தொகுப்பு. சிவகாமி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெண். மறுநாள் மாலை வெளியீட்டு விழா. மதிப்புரைக்கு மருதவாணன் சார்தான் வேண்டும் என்று அவளே வீடு தேடி வந்து கேட்டிருந்தாள். அவர் சொல் அந்த ஊரில் எடுபடும். தேறாது என்று அவர் சொல்லிவிட்டால், அந்தப் பெண் இன்னொரு தடவை பேனாவைத் தொடுவது சந்தேகம்தான். தேறும் என்று பொய் சொல்லவும் அவருக்கு நாக்கு வராது. பேசாமல் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

டீச்சர் புத்தகத்தை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒரு துண்டுகூட இல்லை.

"என்ன சார், தாடியைக் காணோம்?"

"எங்கயும் நிக்கல டீச்சர். சர்ருனு போயிருச்சு. எல்லாம் விளையாட்டு. படிச்ச உடனே புரிஞ்சிருது. நான் விளக்கிச் சொல்ல இதுல ஒண்ணுமே இல்ல."

டீச்சர் புத்தகத்தைத் தன் பள்ளிக்கூடப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஒண்ணுமில்லாததைச் சொல்லுங்க. கேப்போம்."

புத்தகம் கையில் இல்லாமல் எப்படி என்று அவர் முனகிப் பார்த்தார். டீச்சர் அசைவதாக இல்லை. சரி, எவ்வளவு லேசான சரக்கு என்று டீச்சரே தெரிந்துகொள்ளட்டும் என்று ஆரம்பித்தார்.

"ஜன்னலோர இருக்கையில்
என் குடை
கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறது.
நான் நனைந்தபடி வீடு வந்தேன்.
அதற்கும் ஊர் பார்க்க
ஆசை இருக்காதா."

"அடுத்தது?" என்றார் டீச்சர்.

"கடிகாரத்துக்குப் பின்னால்
குடியிருக்கும் பல்லி
மணி பார்ப்பதே இல்லை.
அது எங்கும்
தாமதமாகப் போனதும் இல்லை."

டீச்சர் சிரித்துவிட்டார். மருதவாணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரியில் அவர் பல்லைப் பார்த்த மாணவன் கிடையாது என்பார்கள். இப்போது எழுந்து நின்று, சுவரில் கையை வைத்துப் பல்லி இருக்கும் இருப்பைக் காட்டினார். கல்யாண மண்டபத்தில் ஜோடி மாறிப்போய், வேற்றூரில் குடித்தனம் தொடங்கிய செருப்பைச் சொன்னார். மின்கம்பியில் உட்கார்ந்துகொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று ஊரையே விசாரிக்கும் காக்கையைச் சொன்னார். டீச்சர் அடுத்தது என்று கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

நடுவில் அவருக்கே உறைத்தது. போன மாதம் அடர்ந்த தாடி வைத்த ஒரு புத்தகத்தைப் பற்றி மேடையில் வெகுநேரம் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தார். அருமையான புத்தகம்தான். ஆனால் அதிலிருந்து ஒரு வரி சொல்லச் சொன்னால் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். சிவகாமியின் கவிதைகளை அவர் மனப்பாடம் செய்யவே இல்லை; தானாக வந்தன. இந்தப் பெண் எப்படித்தான் உள்ளே வந்து உட்கார்ந்தாளோ என்று ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்ததையும் எடுத்தார்.

"தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு
வீடெல்லாம் தேடுகிறாள்.
யாரும் சொல்லிவிடாதீர்கள்."

அதோடு நின்றுவிட்டார்.

இன்னும் இரண்டு வரிதான் பாக்கி. 'கடைசியில் / என்னைக் கூப்பிடுவாள்.' எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும் வரி. படித்தபோது லேசாகச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்தான் அவர். இப்போது அதை அவரால் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி போன வருஷம் காலமாகிவிட்டார். எதைத் தொலைத்தாலும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்பார். அந்தக் குரல் இல்லாத வீட்டை அவரால் தாங்க முடியவில்லை. அதை இதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு பையைத் திறந்து புத்தகத்தை நீட்டினார்.

மருதவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பழக்கதோஷத்தில் தாள் துண்டுக்காகச் சட்டைப் பைக்குப் போன கை, எடுக்காமலே திரும்பி வந்தது. மறுநாள் விழாவுக்குப் போகிறேன் என்றார். புத்தகத்தைப் பார்க்காமலே கவிதைகளைச் சொல்லப் போவதாகவும் சொன்னார். படியில் இறங்கப் போனவர் திரும்பினார்.

"அங்க சபையிலயும் இப்படி நடுவுல நின்னுட்டா என்ன செய்ய டீச்சர்?"

"நின்னுருங்க சார். மிச்ச ரெண்டு வரிய கேக்க வந்தவங்க வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கிடட்டும்."